எண்பது கிலோ வெல்லம்

இப்பப் பித்தப்பைக் கல்லுக்குச் சாவி ஓட்டையாட்டம் மூணு ஓட்டை போட்டா முடிஞ்சுதாமுங்க. எங்கூரு மொக்கையன் நூறு கிலோ. ரெண்டாம் நாளே ஊட்டுக்கு வந்து உளுந்த வடை கேக்கறான்! எனக்கு எழுபத்தி நாலாம் வருசத்துல ஒரு சாண் வெட்டு. எம் பொண்டாட்டி கமலாத்தா போயிப் பன்னெண்டு வருசமாச்சு. தழும்பத் தடவுனா அவ ஞாபகந்தான் வருது.

அப்ப நான் தொண்ணூத்தஞ்சு கிலோ. பாலக்காட்டு டாக்டர் கறாராச் சொல்லிட்டார்.

"இவ்வளவு கொழுப்புல கத்தி வெக்க மாட்டேன். எண்பதுக்குக் கீழ வாங்க, பித்தப்பைய எடுத்துடலாம்."

எனக்குச் சவரக் கத்தியக் கண்டாலே மயக்கம் வரும். அன்னைக்கே சபதம் போட்டேன். உசுரே போனாலும் எண்பதுக்குக் கீழ எறங்கறதில்ல!

ஆனாச் சமையல் கமலாத்தா கையிலயாச்சே! மூணு மாசம் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் தொவையல். அந்த ரசத்த இன்னைக்கு நெனச்சாலும் நாக்கு ஊறுது. எலப்புள்ளியில மம்மதண்ணன் மளிகைக் கடைத் தராசுல ஏறிப் பாத்தேன். எழுபத்தெட்டு! தொலஞ்சேன்.

"அண்ணா, அஞ்சு கிலோ எடைக்கல்லு ரெண்டு இரவல் குடுங்க."

"எதுக்கு ஆறுச்சாமி?"

"உசுரக் காப்பாத்திக்க!"

துண்டுல முடிஞ்சு இடுப்புல கட்டி, மேல சட்டையப் போட்டுட்டு, கமலாத்தாவோட ஆஸ்பத்திரிக்குப் போனேன். எண்பத்தெட்டு. டாக்டர் உதட்டப் பிதுக்கிட்டார்.

"சரி போச்சாது, உடு புள்ள," என்றேன் சோகமா.

"சரிங் மாமா. வந்தது வந்தோம், கோயில்ல ஒரு நேர்ச்சை பாக்கியிருக்குதுங்க. உங்க எடைக்கு வெல்லம் துலாபாரம். நீங்க வலியில சுருண்டு கெடந்தப்ப எனக்கு உசுரே இல்லீங்க, அப்ப வேண்டுனது."

அவ கண்ணு கலங்கிருச்சு. மறுக்க எனக்கு மனசு வரல.

கோயில் வாசல்ல கமலாத்தா நின்னுட்டா.

"மாமா, சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"ஆம்பளைங்க சட்டையோட உள்ள போலாமுங்களா? பொறந்ததுலருந்து கேரளாவுலதான இருக்கறீங்க!"

அதத்தான் மறந்து தொலைச்சேன்.

"அப்படியே அந்தத் துண்டையும் அவுத்துக் குடுங்க. பாவம் மம்மதண்ணன், எடைக்கல்லு இல்லாம யாவாரத்த உட்டுட்டு உக்காந்திருக்காருங்க."

துலாபாரத் தட்டுல உக்காந்தேன். எதிர்த் தட்டுல எண்பது கிலோ வெல்லம்.

"என் எடை எழுபத்தெட்டுதான புள்ள?"

"ரெண்டு கிலோ சேத்திக் குடுத்தாச் சாமி கோவிச்சுக்குமாக்கும்?"

வெல்லம் பொத்துனு தரையில உக்காந்துச்சு. நான் அந்தரத்துல ஆடுனேன்.

"எண்பதுக்குக் கீழதானுங்களே?"

கமலாத்தா என்னையக் கேக்கல. தூணோரத்துல, சாயங்காலமானா அங்க கும்புட வர்ற நம்ம டாக்டர் நின்னுட்டிருந்தார். அது அவளுக்கு முன்னமே தெரியும்.

"நாளைக்குக் காலைல வெறும் வயத்தோட வந்துருங்க, ஆறுச்சாமி," என்றார்.

கமலாத்தா என் கையில ஒரு துண்டு பிரசாத வெல்லத்த வெச்சா. "திங்கறதுன்னா இன்னைக்கே தின்னுக்கோங்க, மாமா."