மூன்றாம் நிலைத் தண்ணீர்

குடவாசலுக்குக் கிழக்கே ஓர் ஊரில் அம்சம் என்ற பெண் விவசாயி புதிதாக ஆழ்துளைப் போர் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. நாற்றுக்கு இருபது நாள் ஆகியிருந்தது. போர்த் தண்ணீரில் உப்பு இருக்குமோ என்று சந்தேகம். ஒரு பாட்டில் தண்ணீரை அரசு ஆய்வகத்தில் கொடுத்தார். ஐந்தாம் நாள் முடிவு கேட்கப் போனார்.

அதற்குள் ஓர் ஆணை வந்திருந்தது. அரசுத் தகவல்கள் யாவும் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கணினியில் குறியாக்கம் செய்யப்பட வேண்டும். முதல் நிலையை அலுவலகமே திறக்கலாம். இரண்டாம் நிலைக்கு மாவட்ட அனுமதி. மூன்றாம் நிலைக்கான சாவி தலைநகரில். நிலத்தடி நீர் நாட்டின் வளம் ஆகையால், அம்சத்தின் பாட்டில் மூன்றாம் நிலையை எய்தியது.

ஆய்வக அலுவலர் குஞ்சிதபாதம் மரியாதையாக உட்காரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். தாள் முழுக்க எண்ணும் எழுத்தும் சிதறிக் கிடந்தன.

“இது என்னங்க?”

“உங்க ரிசல்ட். குறியாக்கம் ஆனது.”

“உப்பு இருக்கா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார்.”

“‘இல்லை’ங்கிறதும் தகவல்தாம்மா. மூன்றாம் நிலையைப் பார்க்க எனக்கு அதிகாரம் கிடையாது.”

“அப்ப டெஸ்ட் பண்ணுனது யாரு?”

“நான்தான். பண்ணும்போது அது ரகசியமா இல்லையே.”

“இப்ப ஞாபகம் இல்லீங்களா?”

“நல்லாவே இருக்கு. அதைச் சொல்லவும் அனுமதி வேணும். மனு கொடுங்க.”

கொடுத்தார். பதில் வரவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நாற்றின் முப்பதாம் நாள் மனதைத் தேற்றிக்கொண்டு போர்த் தண்ணீரைப் பாய்ச்சி நட்டார். பத்தே நாளில் பயிர் நுனி கருகி, வயல் மொத்தமும் வைக்கோல் நிறமானது.

அடுத்த வாரம் அனுமதி வந்தது. ‘எவரிடமும் வெளியிட மாட்டேன்’ என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குஞ்சிதபாதம் தணிந்த குரலில் படித்தார்: “உப்பு அதிகம். பயிருக்கு ஆகாது.”

“அதை என் வயலே சொல்லிடுச்சுங்க.”

அவர் பதறினார். “வயலுக்கு யாரும்மா அனுமதி கொடுத்தது?”

அம்சம் எழுந்து வெளியே வந்தார். கையெழுத்தாவது மண்ணாவது! பக்கத்து வயல் அரசப்பன் இன்னும் நடவில்லை; அவராவது தப்பட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அவர் வீட்டுக்குப் போனார்.

“அண்ணே, நம்ம பக்கம் போர்த் தண்ணி பூரா உப்பு. பாய்ச்சிடாதீங்க.”

“தெரியும்மா. போன வருசமே டெஸ்ட் பண்ணிட்டேன். அப்பல்லாம் கையிலேயே எழுதிக் கொடுத்துடுவாங்க.”

“பின்ன ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“நிலத்தை விக்கப் போறேன். வெளியில தெரிஞ்சா எவன் வாங்குவான்?” அரசப்பன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “நீங்களும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. நாளைக்கு உங்க நிலத்தையும் விக்கணும்ல?”

அம்சம் சண்டைக்கு வாயைத் திறந்தார். பிறகு அவரும் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சரிங்கண்ணே,” என்றார்.