உஸ்தோவின் மூச்சை அளந்தவர்

கைக்கும் மெஷினுக்கும் கல்யாணம் செய்துவைக்கவே பிறந்த தரகர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? பழைய கோட்டை நகரமான எங்கள் கீவாவில் ஏப்ரல் பிறந்ததும் புழுதிக்காற்று வரும்; அது அடங்குவதற்குள் இவர்களும் வந்துவிடுவார்கள். கட்டடக்கலையில் முதுகலைப் படிப்பு, அதிலும் கணினித் தயாரிப்பையும் மரபுக் கைவினையையும் இணைக்கும் பிரிவு. வட்டக் கண்ணாடி, முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, முதுகில் ஸ்கேனர் பை, நெஞ்சில் தாங்கமுடியாத மரியாதை. கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் தென்படும் மரத்தூணைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தத் தூண் போன வருஷம் நட்டது என்று யாராவது சொல்லவேண்டும். நாங்கள் சொல்லமாட்டோம். விருந்தாளிகள் அல்லவா?

மரத்தை இவர்கள் மரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை, 'பொருண்மை' என்பார்கள், தச்சரை 'அறிவுக் களஞ்சியம்' என்பார்கள், அவர் வீட்டுப் பச்சைத் தேநீரைக் குடித்து, ரொட்டியைப் பிட்டுத் தின்று, காலிக் கிண்ணத்தையும் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, "உஸ்தோ, உங்க கை பேசுது!" என்று உருகுவார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லவந்தால், "ஒரு நிமிஷம் உஸ்தோ, வெளிச்சம் போகுது" என்று நிறுத்திவிடுவார்கள். கை பேசினால் போதும்.

தாஷ்கண்டிலிருந்து வந்த ஹிக்மத் இந்த இனத்தில் கலப்பில்லாத உருப்படி. இருபத்தாறு வயது, படிப்பின் கடைசி வருஷம். ஆய்வேடு தேறினால் அதே துறையில் விரிவுரையாளர் வேலை என்று துறைத்தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் அப்பாவின் குளியலறை ஓட்டுக் கடைதான். 'இது வழுக்காதா?' என்று கேட்கும் வாடிக்கையாளர்களை நினைத்தாலே ஹிக்மத் ஆய்வேட்டில் இன்னொரு பக்கம் எழுதிவிடுவார்.

அவர் பிடித்துக்கொண்ட களஞ்சியத்தின் பெயர் ஷோநஸர். தச்சர்; தொழிலில் கைதேர்ந்ததால் ஊருக்கே உஸ்தோ, அதாவது ஆசான். நாற்பது வயது, ஒரு தங்கப்பல், இரண்டு போன். கீவாவின் பாதி விடுதிகளில் அவர் செய்த தூண்தான் நிற்கிறது. அடுத்த வருஷத்துக்கான வேலையும் கையில் இருக்கிறது. ஹிக்மத் எப்போதும் முன்கூட்டிப் போன் செய்துவிட்டுத்தான் வருவார். வரும்போதெல்லாம் ஷோநஸர் கோடுபோட்ட அங்கியுடன் முற்றத்து மல்பெரி நிழலில் அமர்ந்து, கொட்டாப்புளியை ஓங்கியபடியே இருப்பார். படமெடுக்கத் தோதாக.

இரண்டு வருஷம் ஹிக்மத் அந்தத் தூண்களை அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்தார். செதுக்கிய இலைகளிலும் கொடிகளிலும் உளித்தடம் கன்னாபின்னாவென்று இருந்தது; ஒன்று போல இன்னொன்று இல்லை. 'பிசிறு' என்று முடிவுகட்டிக் கணினியில் அத்தனையையும் துடைத்துவிட்டார். துடைத்த பிறகு, கொடிகளுக்குப் பின்னால் இருந்த குழிவுகளில் அவர் கண்டார் ஐயா, ஓர் அற்புதம்! ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய வரி. தூணுக்குத் தூண், வருஷத்துக்கு வருஷம், இம்மி பிசகாமல். இது என்னவாக இருக்கும்? வேறென்ன, உஸ்தோவின் மூச்சு! ஒவ்வொரு மூச்சுக்கும் உளி ஒன்றரை மில்லிமீட்டர் நகர்கிறது! நூற்று நாற்பது பக்கம் எழுதினார். அந்த மூச்சைக் கல்லூரியின் இயந்திரக் கைக்குக் கற்றுக்கொடுத்து, பதினோரு நாள் ஓட்டி, ஒரு தூணையே செதுக்கி நிறுத்தினார். துறைத்தலைவர் அதைத் தடவிப்பார்த்துக் கண்கலங்கினார்.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, உஸ்தோவை நேரில் அழைக்கப் புறப்பட்டார் ஹிக்மத். பக்கத்து ஊர் உர்கெஞ்சிலிருந்து பங்கு டாக்சியில் வரும் வழியில் போன் உயிரை விட்டுவிட்டது. சொல்லாமல் போய் நின்றார். மல்பெரி நிழலில் யாரும் இல்லை. கொல்லைக் கொட்டகையிலிருந்து மாவுமில் போல ஓர் இரைச்சல் வந்தது.

எட்டிப்பார்த்தார். கட்டில் அகலத்துக்கு, கணினி சொல்படி மரம் செதுக்கும் ஒரு சி.என்.சி. மெஷின். அதன்மேல் ஒரு தூண் கிடந்தது. சுழலும் முனை குழிவுக்குள் போவதும் வருவதுமாக, ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு வரியாக, இம்மி பிசகாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பனியனும் ஜீன்ஸுமாக நின்ற ஷோநஸர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அடடா, தம்பி! ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"உஸ்தோ... இது எத்தனை நாளா?"

"ஆச்சு எட்டு வருஷம். இது ரெண்டாவது மெஷின். இந்தத் தெருவுல இது இல்லாதவன் எவன்? இலை, கொடியெல்லாம் என் கைதான், அதுல சந்தேகமே வேணாம். பின்னால இருக்கற குழியை மட்டும் இது தோண்டட்டும்னு விட்டுட்டேன். முதுகாவது மிச்சமாகட்டும்."

"அந்த வரி?"

"எந்த வரி? ஓ, இதுவா? முனை ஓடற தடம். தேய்ச்சா போயிடும். கொடிக்குப் பின்னால யாரு குனிஞ்சு பாக்கப்போறான்னு விட்டுடுவேன்."

இரண்டு வருஷம் குனிந்து பார்த்தவர் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அதுதான் உஸ்தோ என் ஆய்வேடு. அது உங்க மூச்சுன்னு எழுதியிருக்கேன்."

"என் மூச்சா?" ஷோநஸர் ஒரு தடவை இழுத்து விட்டுப்பார்த்தார். இருமல் வந்தது. "நான் சிகரெட் குடிக்கறவன் தம்பி. அவ்வளவு ஒழுங்கா எல்லாம் வராது."

தேநீரோடு வந்த அவர் மனைவி ஸுல்ஃபியா கணவரைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கே சொன்னேன், படிச்ச புள்ளகிட்ட உள்ளதச் சொல்லிடுங்கன்னு. கேட்டீங்களா? வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அங்கிய மாட்டிக்கிட்டு உக்காந்துடறது! ஏந்தம்பி, கையும் மெஷினும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும்னுதானே நீ படிக்கறே? இதோ சேர்ந்து செய்யுதே. பாத்து எழுதிக்கோ. யாரு வேணாம்னா?"

அவள் சொன்னது சரி என்று ஹிக்மத்துக்குத் தெரிந்தது. சரி மட்டுமல்ல, அவர் படிப்பு தேடிக்கொண்டிருந்த பொருளே அந்தக் கொட்டகையில், எட்டு வருஷமாக, யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எழுதினால் அசலான ஆய்வு. ஆனால் தரகர் தயவில்லாமல் கல்யாணம் நடந்து, பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறது என்றால் தரகருக்கு அங்கே என்ன மரியாதை? நூற்று நாற்பது பக்கம் என்ன ஆவது? ஓட்டுக் கடை கண்முன் வந்து நின்றது. எழுந்தார். மூலையில் கிடந்த பூப்போட்ட பஞ்சுமெத்தையை எடுத்தார். மெஷினை நிறுத்தச் சொல்லி, அதன்மேல் விரித்து, ஓரங்களைக்கூட ஒழுங்காகச் செருகினார்.

"நான் எதையும் பாக்கலை உஸ்தோ."

ஷோநஸருக்குச் சிரிப்பு வரவில்லை, மனசுதான் கஷ்டப்பட்டது. "நான் மூடினேன் சரி, வியாபாரம். கைவேலைன்னாதான் வாங்கறாங்க. படிக்கறவன் நீ, நீ எதுக்குத் தம்பி மூடறே?"

ஹிக்மத் தேர்வுக்கான அழைப்பிதழை வைத்துவிட்டு, தேநீரைத் தொடாமலே கிளம்பினார்.

தேர்வு நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அங்கியோடு ஷோநஸர். வெளித்தேர்வாளராக வந்திருந்த ஃபரோகத் அம்மையார் பாலம் கட்டும் பொறியாளர். கவிதை ஒத்துக்கொள்ளாத உடம்பு. ஆய்வேட்டைக் கடைசிவரை படித்துவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

"தம்பி, எல்லா மூச்சும் ஒன்றரை மில்லிமீட்டர்னு போட்டிருக்கீங்க. ஆறு வருஷத் தூண் அத்தனையிலும். இந்த மனுஷர் ஒருதடவைகூடத் தும்மினதே இல்லையா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. ஹிக்மத்தின் முகம் சுண்ணாம்பானது. துறைத்தலைவர் அவசரமாக, "உஸ்தோவே இங்கதான் இருக்கார், அவரையே கேட்டுடலாமே" என்றார். ஷோநஸர் எழுந்தார். ஹிக்மத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பயத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"வேலை நேரத்துல எனக்குத் தும்மல் வராதும்மா."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முதல் வகுப்பு, துறையின் தங்கப்பதக்கம், கையோடு வேலைக்கான உத்தரவு. எல்லோரும் உஸ்தோவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படியிறங்கும்போது ஷோநஸர் ஹிக்மத்தின் தோளில் கைவைத்து மெல்லச் சொன்னார்: "இலையைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே தம்பி." அன்றைய நாளில் ஹிக்மத்துக்கு உறைத்தது அது ஒன்றுதான். உறைத்தது, சாப்பாட்டு நேரம்வரை இருந்தது.

இப்போது அவர் விரிவுரையாளர் ஹிக்மத். அவருடைய மாணவர்கள் விரல்நுனியால் குழிவுகளைத் தடவி, 'மூச்சு' இல்லாத தூண்களைப் போலி என்று ஒதுக்குகிறார்கள். விடுதிக்காரர்களும் அதைக் கேட்டே வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் மெஷின் வாங்காத ஒரே தச்சர் எஷ்முரோத். அவர் பாவம், அளவுகோலை வைத்துக்கொண்டு ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு வரியாகக் கையால் கீறிக்கொண்டிருக்கிறார். கண் போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் சிரித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? சந்தோஷம். உங்கள் வீட்டுக் கூடத்தில், விருந்தாளி வந்ததும் நீங்கள் கைகாட்டும் பொருள் ஒன்று இருக்குமே, 'முழுக்க முழுக்கக் கைவேலை' என்று? சும்மா ஒருதடவை எழுந்துபோய், அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்களேன். ஏன் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறதா? பரவாயில்லை. ஹிக்மத்தின் துறையில் சேர்க்கை செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. உங்களுக்கு நுழைவுத்தேர்வுகூடத் தேவைப்படாது.