கேத்தலுக்குத் தாடி முளைத்த விபரம்

கல்முனைக்குடி,
14-02-1983

நிக்காஹ்வால் என் மார்க்கத்தில் பாதிக்கும் இந்த வீட்டில் முழுவதுக்கும் சொந்தக்காரியான முனவ்வறாவுக்கு, உன் வீட்டில் உன் தயவில் குடியிருக்கும் கணவன் நூஹு ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு உன் உம்மாவான என் மாமியும் உன் தங்கை சுல்பிகாவும் நானும் சுகம். குவைத்தில் உன் சுகத்தையும், நீ வேலை செய்யும் வீட்டுக்காரி இப்போதாவது உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாளா என்பதையும் அறிய ஆவல்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கவா, வந்துவிடவா, மாதம் முடியுமுன் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். நம்மூரில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் மாப்பிள்ளை பேச முடியாது என்பது உனக்குத் தெரியும். சுல்பிகாவின் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது, உள்ளே ஆடு படுக்கிறது. ஆகவே கையெழுத்து வைக்கலாம் என்று வீட்டில் முடிவு. மாமி சொன்னா, நானும் ஓம் என்றேன்.

இனிக் காப்பு விஷயம். மாமி பேசிப் பதிந்த கஸட் இந்தக் கடிதத்துக்கு முன்னே வந்து சேர்ந்தால் அதில் பாதியை நம்பாதே. நீ போகும்போது சோடிக் காப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மற்றதைக் கழற்றி என் கையில் தந்து அலுமாரியில் பூட்டச் சொன்னாய் அல்லவா, நான் பூட்டவில்லை, சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன், பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவனுக்குப் பொன் காப்பு எதற்கு என்று கேட்பாய், குனியும்போது அது நெஞ்சில் இடிக்கும், அதற்காகத்தான், வேறொன்றுமில்லை. போன கிழமை ஒரு வெப்பமானி விழுந்து உடைந்து பாதரசம் நிலமெல்லாம் மணிமணியாக ஓடியது. அதைக் கடதாசியால் கூட்டி அள்ளலாம் என்று நான் குனிய, காப்பு நழுவிப் போய் அதற்குள்ளேயே விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வெள்ளை பரவியது. சவர்க்காரம் போட்டேன், புளி போட்டேன், பிஸ்மி சொல்லியும் தேய்த்தேன். பொன் காப்பு வெள்ளிக் காப்பாகிவிட்டது.

மாமி கண்டால் பொன்னை விற்றுவிட்டு வெள்ளி வாங்கி வைத்தேன் என்பா. ஒளிக்கலாம் என்றால் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை கிடையாது, நான் வந்த மாப்பிள்ளைதானே. பரணில் கிடந்த பழைய அலுமினியக் கேத்தல் கண்ணில் பட்டது. உன் காப்பை அழுக்கில் வைக்க மனம் வராமல், உள்ளே மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஈரம் காயுமுன்னே காப்பை அதற்குள் விட்டு மூடினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

மறுநாள் மாமி தேயிலைக்குத் தண்ணீர் வைக்க அந்தக் கேத்தலையே எடுத்தா. இரண்டு வருடமாக அதைத் தொடாத மனுசி. மூடியைத் திறந்தவ அப்படியே நின்றுவிட்டா. "மருமகன், இங்க வந்து பாருங்க, கேத்தலுக்குத் தாடி முளைச்சிரிக்கி" என்றா. போய்ப் பார்த்தால் உண்மைதான். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி மயிர் வளர்ந்து, அதன் நடுவில் உன் காப்பு குந்தியிருக்கிறது. கேத்தல் அடுப்பில் வைக்காமலே சுடுகிறது. செய்வினை என்று, ஓதிப் பார்க்கும் பள்ளிவாசல் லெவ்வையைக் கூப்பிட்டார்கள். அவர் ஓதி ஊதிய தண்ணீரை உள்ளே ஊற்ற, கேத்தல் சீறி நுரைத்து அடி ஓட்டையாகித் தண்ணீர் அவர் மடியில் ஒழுகியது. "இது நம்மட கைக்கு அடங்காத சாமான், வேற ஆளைப் பாருங்க" என்று எழும்பிவிட்டார்.

வேறு ஆள் மக்கீன் சேர்தான், எங்கள் விஞ்ஞான வாத்தியார். ஓட்டைக் கேத்தலைக் கண்டதும் மனுசனுக்குப் பெருநாள் வந்த சந்தோசம். "நூஹு, அலுமினியம் சாது எண்டு நினைக்கிறீங்க, அது பெரிய கோபக்கார உலோகம். காத்துப் பட்டாலே பத்திக்கொள்ளும். ஆனா பட்ட உடனே மேல மெல்லிசா ஒரு போர்வை உண்டாகி அதை மூடிப்போடும். அதாலதான் அது சட்டியாயும் கேத்தலாயும் ஒழுங்கா இரிக்கி. நீங்க மணல் போட்டுப் போர்வையக் கிழிச்சீங்க. காப்பில ஒட்டியிருந்த பாதரசம் போய் மேற்தோலில கலந்துட்டு. கலந்தா திரும்பப் போர்வை ஒட்டாது. காத்துப் படப்பட அது வெந்து சாம்பலாகும், அந்தச் சாம்பல்தான் தாடி" என்றார். காப்புக்கும் மேற்தோல்தான் மாறியிருக்கிறது, உள்ளே பொன் பொன்னாகவே இருக்கிறது, பாதரசத்தைச் சூடாக்கிப் போக்கலாம், ஆனால் புகை நஞ்சு, வீட்டில் செய்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். பாண்டிருப்பில் நகை செய்யும் பத்தர் வெளியில் வைத்துச் செய்து தருவதாக வாங்கியிருக்கிறார்.

முனவ்வறா, இந்த இடத்தை வாசிக்காமல் தாண்டும்படி சுல்பிகாவிடம் சொல்லியிருக்கிறேன், தபாலில் போடுமுன் அவள்தான் மாமிக்கு வாசித்துக் காட்டுவாள். சேர் சொல்லி முடித்ததிலிருந்து எனக்குக் கேத்தல் ஞாபகம்தான். நீ இருந்தபோது யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது, கல்லுக்குண்டு என்று நீயே ஏசுவாய். இப்போது மாமி "சோறு போட்டிரிக்கி" என்று சாதாரணமாகச் சொன்னாலே கண் கலங்குகிறது. கடைத்தெருவில் யாரோ ஒரு பெண் உன் மாதிரிச் சிரித்தாள், மீன் வாங்க மறந்து வெறுங்கையோடு வந்தேன். படுக்கையில் உன் பக்கத்துத் தலையணையை எடுத்து வைக்கவும் முடியவில்லை, விட்டு வைக்கவும் முடியவில்லை. மனம் உன்னைத் தேடுகிறது, புள்ள. வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

மற்றப்படி ஒரு குறையுமில்லை. நீ தொட்ட வேலையில் பரக்கத்தும், உன் காலுக்குக் களைப்பில்லாத நடையும் தர அல்லாஹ்வை வேண்டுகிறேன். மாமியின் துஆவும் சுல்பிகாவின் ஸலாமும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக் குடியிருப்பாளன்,
நூஹு

பி.கு: இந்தப் பின்குறிப்பை மட்டும் தபால் கந்தோரில் நின்று எழுதுகிறேன். பேனையைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், கயிறு எட்டவில்லை, அதனால் சுருக்கமாக. கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது சுல்பிகா வேலிக் கடப்பு வாசல் வரைக்கும் பின்னால் வந்தாள். தாண்டச் சொன்ன இடத்தை அவள் தாண்டவில்லை, மாமிக்குச் சத்தமாகவே வாசித்துவிட்டாளாம். மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாவாம். "மச்சான், எனக்கு ஓலை வீடு போதும். ராத்தாட சம்பளத்தில கல்வீடு கட்டி அதுக்குள்ள நான் எப்படிச் சிரிக்கிற? வரச் சொல்லுங்க" என்றாள். நானும் மாமியும் இரண்டு வருடமாகச் சொல்லப் பயந்ததை அந்தச் சின்னப் பெண் சொல்லிவிட்டாள். மேலே சுகம் என்று எழுதியது பொய். கையெழுத்து வைக்காதே. வந்திரு, புள்ள.