பிளாஸ்க்குக்குக் குடை பிடித்த நைனா

எங்கள் திருத்தணியில் தலைக்கு மேல் குடை பிடிக்க ஊர்வலம் போகிற பாக்கியம் ஐம்பதுகளில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் மலைமேல் இருக்கும் சுவாமி. இன்னொன்று பிளாஸ்க் நைனாவின் பிளாஸ்க்.

ஆமாம், பிளாஸ்க்குக்குத்தான் குடை. நைனாவின் வழுக்கைத் தலையில் சித்திரை வெயில் தோசை வார்க்கும். அவரோ கறுப்புக் குடையைச் சாய்த்து, தோளில் தொங்கும் பிளாஸ்க்குக்கு நிழல் கொடுத்தபடி நடப்பார். குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் தடுக்கிற மருந்து அதற்குள் ஐஸில் இருந்தது. வெயில் பட்டால் மருந்து செத்துப்போகும். "உங்க மண்டை காயுதுங்களே?" என்று யாராவது பரிதாபப்பட்டால், "மண்டை கெட்டா வைத்தியம் இருக்குது நைனா. மருந்து கெட்டா இன்னா பண்றது?" என்பார். கைக்குழந்தை முதல் கிராம முன்சீப் வரை அவருக்கு எல்லோரும் நைனா. அதனால் ஊர் அவரையும் அப்படியே கூப்பிட்டது. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

ஜீப்பில் வந்திறங்கிய ஊசி கோஷ்டியில் அவர் ஓர் ஆள். டாக்டர் பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்காருவார். நைனா தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போவார்; வராத பிள்ளைக்கு வீட்டிலேயே ஊசி போடுவார். மலையில் மொட்டை போடும் நாவிதர்களைக்கூட அவர் விடவில்லை. "கத்திதானே வேலை செய்யுது, வாய் சும்மாத்தானே கீது? ஊசியப்பத்திப் பேசு நைனா!" இரண்டே நாளில், தயிர்க்காரி "கொயந்தைக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்காமல் தயிர் ஊற்றுவதில்லை என்றாகிவிட்டது.

ஊசி இரண்டு தவணை. முதலில் முன்னங்கையில் ஒரு சோதனை ஊசி. மூன்றாம் நாள் பார்க்கும்போது அந்த இடம் வீங்கியிருந்தால், கிருமி ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம், தடுப்பூசி கிடையாது. வீங்காத கைக்குத்தான் தடுப்பூசி.

நான் அப்போது கணக்கு வாத்தியார். மகள் வள்ளிக்கு ஒன்றரை வயது. சென்னையில் வேலையிலிருந்த என் தம்பி சேகர், கைக்குட்டையில் ரத்தத்தோடு திரும்பி வந்து, பின்கட்டில் மருந்து தின்றுகொண்டு கிடந்தான். ஊருக்குத் தெரியக்கூடாதென்று மூடி வைத்திருந்தோம். வள்ளிக்கோ சித்தப்பா என்றால் உயிர். எந்நேரமும் அந்த அறைக்குத்தான் ஓடுவாள். அவளுக்கு ஒட்டிவிடுமோ என்று நான் தினமும் செத்துப் பிழைத்தேன்.

நைனா எங்கள் வாசலில் நின்று கேட்டார்: "வூட்ல யாருனா இருமறாங்களா?"

"யாருமில்லீங்க" என்றேன். சொல்லி வைத்தாற்போல் பின்கட்டிலிருந்து நீளமாக ஓர் இருமல்.

"பூனை வளக்கிறீங்களா நைனா? நெஞ்சுல சளி கட்டிக்கினு கீதே" என்றவர், செருப்பை அவிழ்த்துவிட்டு நேரே உள்ளே போய்ச் சேகரின் கட்டிலில் உட்கார்ந்தார். நாங்களே அந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மாதமாகியிருந்தது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். துப்புவதற்கு மூடி போட்ட டப்பா வைத்தார். "மருந்த மட்டும் நிறுத்தாத நைனா. பாப்பாவக் கொஞ்சணுமா? ஜன்னலுக்கு அந்தாண்ட நிக்கவெச்சுக் கொஞ்சு" என்றார். பிறகு வள்ளிக்குச் சோதனை ஊசி போட்டுவிட்டு, "வாத்தியாரே, பூனைய நல்லா பாத்துக்கோங்க" என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் வந்து பார்த்தால் தெருவே வீங்கியிருந்தது. பத்துக் குழந்தைகள், பத்துக் கையும் சிவந்து தடித்திருந்தன. வள்ளியின் கையும்தான். சித்தப்பாவின் நோய் ஒட்டிவிட்டது என்றே நினைத்தேன். பின்கட்டில் டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம். "ண்ணா, எல்லாம் என்னாலதான். நான் எங்கியாவது போயிடறேன்" என்றான் சேகர். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நைனா கண்ணை மூடிக்கொண்டு வள்ளியின் கையைக் கட்டைவிரலால் தடவினார். "அசல் வீக்கம் கெட்டியா இருக்கும். இது இன்னாடா, மெத்துனு கீது?" முகர்ந்து பார்த்தார். குடையும் பிளாஸ்க்குமாகத் தெருக்கோடிக்கு ஓடினார். அங்கே நின்ற எருக்கஞ்செடியில் ஓர் இலைகூட இல்லை.

"திருத்தணிக்கு வந்தா செடிக்கும் மொட்டையா? எந்த மகராசி வேண்டிக்கினது?" என்று தெருவே அதிரக் கத்தினார்.

என் மனைவி கமலா ஓவென்று அழுதுவிட்டாள். "அம்மை குத்தினா வீங்கினாத்தானே ஊசி பிடிச்சதுன்னு சொல்வாங்க? எதிர்வீட்டு ராஜம்மா பையனுக்கு ரெண்டாம் நாளே வீங்கிடுச்சு. நம்ம பாப்பாக்கு ஒண்ணுமே காணோம். ஊசி வீணாப் பூடுமேன்னு எல்லாரும் இலையக் கிள்ளி எருக்கம்பால் தடவினோம், பட்டா வீங்குமே." பெருமையாக வீங்கிய ராஜம்மா பையன் ஒருவனுக்குத்தான் அசல் வீக்கம். அவனை நைனா அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பாக்கி ஒன்பது பேருக்கும் வலது கையில் புதிதாகச் சோதனை ஊசி போட்டாயிற்று. ஆனால் ஜீப் அன்று மாலையே பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பது கைக்காக ஓர் ஆளை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார் டாக்டர். நைனா உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, வயித்துவலி. மூணு நாள் லீவு குடுங்க."

"மூணு நாள்தான் வலிக்கும்னு வயிறு சொல்லிச்சாய்யா?" என்று சிரித்துவிட்டு டாக்டர் ஜீப்பில் ஏறினார்.

அந்த மூன்று நாளும் எருக்கஞ்செடிக்குக் காவல் கமலாதான். நைனா கொடுத்த உத்தியோகம். சேகரிடம் நைனா, "மூணு நாள் பெட்டிய மூடி வையி, அப்புறமா பேசலாம்" என்றிருந்தார். மூன்றாம் நாள் காலை பொதட்டூர்பேட்டைக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். பிளாஸ்க் சீட்டில் உட்கார்ந்திருந்தது. இவர் நின்றுகொண்டு வந்தார். கண்டக்டர் சத்தம் போட்டதற்கு, "இதுக்குள்ள ஒம்போது புள்ளைங்க கீது நைனா!" என்றாராம்.

வள்ளியின் வலது கையைத் தடவினார். வீக்கத்தை அளக்க ஸ்கேலை வைத்தார்.

"சைபர்!" என்று கூவினார் நைனா.

எத்தனையோ பிள்ளைகளுக்கு சைபர் போட்ட கை என்னுடையது. ஒரு சைபருக்காக நான் அழுதது அன்றுதான். ஒன்பது கையும் சைபர். ஒன்பது தோளிலும் தடுப்பூசி ஏறியது. பின்கட்டில் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை வெளியே எடுத்தான் சேகர். இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது. "எங்கயும் போவாதடா" என்றேன்.

சாயங்கால பஸ்ஸுக்கு நைனா கிளம்பினார். பிளாஸ்க் காலி. இருந்தாலும் பழக்கம் விடுமா? காலி பிளாஸ்க்குக்குக் குடையைச் சாய்த்துக்கொண்டு, மேற்கு வெயிலில் மண்டை காய நடந்தார்.

ஒரு மாதமாகத் தெருவில் தலைகாட்டாத என் தம்பி அப்போது வெளியே வந்தான். எங்கள் வீட்டுக் குடையை விரித்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நைனாவின் வழுக்கைத் தலைக்கு நிழல் பிடித்தபடி பின்னாலேயே போனான்.

இரண்டே பேர் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது தப்புக் கணக்கு. மூன்று பேர்.