மிஷின் பொய் சொல்லாது

இந்த வாரமும் எண்பத்தொன்றுதான்.

கணேசமூர்த்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் எடை மிஷின் துப்பிய சின்ன அட்டை அது. ஒரு பக்கம் எடை, மறுபக்கம் இங்கிலீஷில் ஆருடம். ஆருடம் வாராவாரம் மாறியது. எடைதான் மாறவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மனைவி தங்கம். அவருக்குத் தலை சுற்றினால் தாங்கிக்கொள்ள, எப்போதும்போல ஒரு கையை அவர் தோளில் வைத்திருந்தாள்.

"எண்பத்தொண்ணு."

"அது இல்லைங்க. பின்பக்கம்."

"வெளிநாட்டுப் பயணம் கைகூடுமாம்."

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"மூணு வாரமா ஒரு கிலோ எறங்கலை, ஒனக்குச் சிரிப்பு வருது."

தங்கம் கையை எடுத்துக்கொண்டாள். கழற்றி விட்டிருந்த ஒற்றைச் செருப்பில் காலை நுழைத்தாள். இந்த நடைக்காகவே வாங்கிய செருப்பு. இன்னும் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

மிஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் சாக்கை விரித்து வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள் ஜைதூன் பீ. அவளிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு ரயில்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது அவர்கள் வழக்கம்.

"இன்னாம்மா, வழக்கம்போல ஒண்ணா?" என்றாள் ஜைதூன் பீ, முகத்தை நிமிர்த்தாமலே.

"எப்படி நான்தான்னு தெரிஞ்சுது?"

"நான் கீய குந்திகினு கீறேன். எனக்கு மூஞ்சியா தெரியும்? காலைப் பாத்துதான் ஆளைச் சொல்வேன்."

தங்கம் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். கணேசமூர்த்தி தலையை ஆட்டினார்.

"வேண்டாம். கடலையில எண்ணெய் இருக்கு. எடை நிக்கிறதே இதனாலதானோ என்னவோ."

தங்கம் தன் பாதியைச் சாப்பிட்டாள். அவர் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஆனி மாதத்தில் ஒரு நாள் கணேசமூர்த்தி கடையில் மயங்கி விழுந்தது. உஸ்மான் ரோட்டில் கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா, இதே கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு ஐம்பது வயது. கணேசமூர்த்திக்கு இப்போது நாற்பத்தாறு.

டாக்டர் ஸ்ரீரங்கன் கையில் பட்டையைக் கட்டி ரத்தக்கொதிப்பைப் பார்த்தார். பிறகு கணேசமூர்த்தியின் வயிற்றைப் பார்த்தார்.

"எண்பத்தாறு கிலோ இருக்கேள். எழுபத்தஞ்சுக்கு வாங்கோ. அதுவரைக்கும் நான் எந்த உத்தரவாதமும் குடுக்க மாட்டேன்" என்று ஒரு காகிதம் நிறைய சாப்பாட்டு விவரம் எழுதிக் கொடுத்தார். "வாராவாரம் ஒரே மிஷின்ல எடை பார்க்கணும். தனியாப் போகாதேங்கோ. ஆத்துக்காரியை அழைச்சிண்டு போங்கோ."

அண்ணன் ராஜரத்தினம் யோசித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்று முடிவு செய்தார். செவ்வாயன்று யாரும் புதுத்துணி எடுக்க வர மாட்டார்கள். கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்படித்தான் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கணவனும் மனைவியும் முதல்முறையாகத் தனியே வெளியே போனார்கள். அதற்கு முன் கோயிலோ, கல்யாணமோ, எங்கே போனாலும் பதினாறு பேர் வேனில் போவார்கள். சினிமாவுக்குப் போனாலும் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது "சாப்பிட வாங்க", "வெந்நீர் வச்சாச்சு" என்ற அளவில் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில்தான் தங்கத்துக்கு ரயில் என்றால் உயிர் என்பதும், அவள் சின்ன வயதில் டிக்கெட் பரிசோதகராக ஆசைப்பட்டாள் என்பதும் கணேசமூர்த்திக்குத் தெரிய வந்தது.

முதல் ஐந்து வாரம் வாரத்துக்கு ஒரு கிலோ கணக்காக இறங்கியது. எண்பத்தொன்று வந்த அன்று அண்ணன் மனைவி மதினி சீதா மாடிப்படியில் நின்று வாழ்த்தினாள்.

"இப்படியே போனா புரட்டாசிக்குள்ள எழுபத்தஞ்சு வந்துரும். பாவம் தங்கம், அப்புறம் அவளுக்கும் இந்த அலைச்சல் இல்லை."

அதற்கு அடுத்த வாரம் நின்றதுதான். எண்பத்தொன்றிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ராஜரத்தினம் கையை நீட்டினார். கணேசமூர்த்தி அட்டையைக் கொடுத்தார்.

"என்னலே இது? மறுபடியும் எண்பத்தொண்ணா? சோத்தை நிறுத்துலே. மூணு வேளையும் கொள்ளு."

மூன்று வேளையும் கொள்ளு ஆயிற்று. காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் கொள்ளு ரசம், ராத்திரி வேகவைத்த கொள்ளு. நாலாவது செவ்வாயும் எண்பத்தொன்று.

"பந்தயக் குதிரைகூட இதைத் தின்னுட்டு ஓடுது. நீ நின்ன எடத்துலயே நிக்க" என்றார் ராஜரத்தினம். "ஓடு."

விடியற்காலையில் பனகல் பார்க்கைப் பத்து சுற்றுச் சுற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் நாள் ஒரு நாய் துரத்தியதால் பன்னிரண்டு சுற்று ஆனது. கொள்ளுக்கும் எடை இறங்காதது ராஜரத்தினத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"ஏலே கணேசா, இங்கே வா. வாயை ஊது."

"என்ன அண்ணாச்சி இது?"

"ஊதுலே. ஓட்டல் வாசனை வருதான்னு பாப்போம்."

நாற்பத்தாறு வயது கணேசமூர்த்தி, கடை ஆட்கள் பார்க்க, ஹூ என்று ஊதினார். ராஜரத்தினம் முகர்ந்து பார்த்துவிட்டு, "கொள்ளுதான்" என்று ஏமாற்றத்தோடு சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து பலகார அறைக்குப் பூட்டு வந்தது. சாவி மதினியின் இடுப்பில் ஏறியது.

பிள்ளையார் சதுர்த்தியன்று சாமிக்கு இருபத்தொரு கொழுக்கட்டை வைத்தார்கள். அந்தச் சாமியின் பேரை வைத்துக்கொண்டிருந்தவருக்கு ஐந்து துண்டு வெள்ளரிக்காய் கொடுத்தார்கள்.

அன்று மத்தியானம் அவர் மொட்டை மாடியில் தனியாக நின்றிருந்தபோது தங்கம் வந்தாள். முந்தானைக்குள் கையை விட்டு ஒரு கொழுக்கட்டையை எடுத்தாள்.

"சாப்பிடுங்க. ஒண்ணுல ஒண்ணும் ஆயிராது."

கணேசமூர்த்தியின் கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது.

"எனக்குப் பிழைச்சுக் கெடக்கணும்னு ஆசை இருக்கு தங்கம்" என்றார். "முன்னே இவ்வளவு இல்லை. இப்பத்தான்... அந்த பெஞ்சுல உக்காந்து ரயில் பார்க்க ஆரம்பிச்ச பெறகு."

தங்கம் கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். தன் உடம்புக்காகத்தான் அவள் அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு நெஞ்சு இளகியது. அன்று ராத்திரிக் கொள்ளு அளவையும் பாதியாக்கிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் எண்பத்தொன்று. ஐந்தாவது தடவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சட்டை தொளதொளவென்று தொங்கியது. கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த ஷரஃபுதீன் ஒரு நாள் தானாகவே டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினார்.

"முதலாளி, நாலு இஞ்சு கொறைஞ்சிருக்கு. நீங்க கொள்ளைத் தின்னுறீங்களா, கொள்ளு உங்களைத் தின்னுதா?"

கணேசமூர்த்தி ஆசையோடு அண்ணனைப் பார்த்தார். முப்பது வருஷமாக டேப்பை நம்பியே துணி விற்ற ராஜரத்தினம் உதட்டைப் பிதுக்கினார்.

"டேப்பு துணிதானே? இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். அது இரும்பு மிஷின்லே. மிஷின் பொய் சொல்லாது."

கணேசமூர்த்தியும் அதை நம்பினார். சட்டை தொளதொளப்பது சலவைக்காரர் இழுத்துத் துவைப்பதால் என்று வைத்துக்கொண்டார். உடம்புக்குள் ஏதோ ஒரு பிடிவாதம் உட்கார்ந்துகொண்டு எண்பத்தொன்றை விட மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். தினமும் கடையில் பட்டுப்புடவை அலமாரிப் பக்கம் போவதை அவர் தவிர்க்கத் தொடங்கினார்.

ஆறாவது தடவையும் எண்பத்தொன்று வந்ததும் ராஜரத்தினம் அட்டையைக் கிழித்துப் போட்டார்.

"பாலவாக்கத்துல கடலோரமா ஒரு இயற்கை வைத்திய ஆசிரமம் இருக்காம். எழுதிப் போட்டாச்சு. நாப்பத்தெட்டு நாள். வெறும் எளநீரும் மண்பத்தும். வீட்டு ஆளுக யாரும் வந்து பார்க்கக் கூடாது. நாளைக்கே கெளம்பு."

"சரி அண்ணாச்சி" என்றார் கணேசமூர்த்தி. அண்ணன் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை.

அப்போதுதான் அந்த வீட்டில் நடக்காத ஒன்று நடந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவனின் அண்ணனோடு நேரே பேசாத தங்கம் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"இன்னும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை குடுங்க."

வீடே நின்றது. மதினி சீதாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. ராஜரத்தினம் யார் பேசியது என்று முதலில் கூரையைப் பார்த்தார்.

"ஒரு வாரத்துல என்ன ஆயிரப் போகுது?" என்றார் தம்பியிடம், கதவுக்குப் பதில் சொல்வது எப்படி என்று தெரியாமல்.

"எறங்கும்" என்றது கதவு.

"எப்படித் தெரியும்?"

கதவு லேசாக அசைந்தது. பிறகு, "எறங்கலைன்னா நானே பெட்டி கட்டித் தாரேன்" என்றது.

"சரி. ஆனா இந்தத் தடவை நானும் வருவேன்" என்றார் ராஜரத்தினம்.

அந்தச் செவ்வாய் மூன்று பேருமாக மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். தங்கம் அன்று பூ வைத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் அண்ணன் முன்னால் நடந்தார். கணேசமூர்த்தி தணிந்த குரலில், "பாலவாக்கத்துல ரயில் கிடையாது. ஆனா கடல் இருக்கும். அலையை எண்ணிட்டு வந்து ஒனக்குச் சொல்லுதேன்" என்றார். தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஷினில் ஏறினார். தோள் காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். தங்கம் நாலடி தள்ளி, ஜைதூன் பீயின் கூடைக்குப் பக்கத்தில் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

"பிடிச்சுக்கோயேன்" என்றார். "தலை சுத்துற மாதிரி இருக்கு."

"சுத்தாது. நீங்களே நில்லுங்க" என்றாள்.

ராஜரத்தினம் காசைப் போட்டார். விளக்குகள் எரிந்தன, சக்கரம் சுழன்றது, சக்கரம் நின்றது. டக்கென்று அட்டை விழுந்தது. ராஜரத்தினம்தான் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"எழுபத்துநாலு."

கணேசமூர்த்தி மிஷினிலிருந்து இறங்க மறந்துபோனார்.

"எழுபத்துநாலா? எழுபத்தஞ்சுகூட இல்லையா அண்ணாச்சி?"

"ஒரே வாரத்துல ஏழு கிலோ! கொள்ளுடா கணேசா, கொள்ளு! மெதுவாத்தான் வேலை செய்யும்னு நான் அப்பவே சொல்லலை?" என்று தம்பியைக் கட்டிக்கொண்டார் ராஜரத்தினம். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. அப்பா சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவர் அவர்தான். "ஆசிரமத்துக்கு வேண்டாம்னு நாளைக்கே கடுதாசி போட்டுருதேன்."

உடனே வியாபாரி புத்தி எட்டிப் பார்த்தது. மிஷின் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிடலாம் என்று தானே ஏறி, இன்னொரு காசு போட்டார். அட்டை விழுந்தது. பார்த்தார்.

தொண்ணூற்றாறு.

ராஜரத்தினம் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மிஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க வேகமாகப் போனார்.

கணேசமூர்த்தி சிரித்துக்கொண்டே தூணுக்கு வந்தார். கையில் எழுபத்துநாலு இருந்தது. இனி டாக்டர் உத்தரவாதம் கொடுப்பார். பட்டுப்புடவை அலமாரிப் பக்கம் பயமில்லாமல் போகலாம்.

"பாத்தியா தங்கம், முடிஞ்சுது! இனிமே நீ இந்தச் செருப்பை மாட்டிட்டு அலைய..." என்று ஆரம்பித்தவர், வேண்டாம் என்ற வார்த்தை வராமல் நின்றார். ஏன் வரவில்லை என்று அவருக்கே புரியவில்லை. பெஞ்ச் காலியாக இருந்தது. தாம்பரம் வண்டி வந்துகொண்டிருந்தது. தங்கம் வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

கடலைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த ஜைதூன் பீ, தன் கண்ணுக்கு நேரே நின்ற அந்த இரண்டு செருப்புக் கால்களையும் பார்த்துவிட்டு, முதல்முறையாக முகத்தை நிமிர்த்திக் கேட்டாள்:

"இன்னாம்மா, ஆறு வாரமா அய்யா பின்னால நின்னுகினு ஒரு காலை மிஷின் மேல ஊணிக்கினே இருந்தே, இன்னிக்கு மட்டும் ஏன் வைக்கல? அடுத்த செவ்வாக்கெயமையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் வர மாட்டீங்களா?"