பூமித்தாய்க்கு ஊற்றியது சம்பந்தி தொப்பியில் விழுந்த விவரம்

கூஸ்கோ,
ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் எவுசேபியோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை எர்லிண்டாவின் கணவன் இலாரியோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அரெகிப்பாவில் தாங்களும் வீட்டாரும் வெயிலும் சுகமுமாக இருக்க ஆண்டவரையும், அவர் கவனிக்காவிட்டால் மலைகளையும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எர்லிண்டா சுகம். அடுப்படியில் வளரும் கினிப்பன்றிகள் சுகம். நான்தான் சுகமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் மகள் நைதாவைப் பெண் கேட்டு சிகுவானியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பெண் வீட்டுப் பெரியவராக நின்று நீங்கள்தான் பேசவேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, வரவேண்டாம். கோட்டை இஸ்திரிக்குப் போட்டிருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். கல்யாணம் நின்றுபோயிற்று. நிறுத்திய மகாபாவி யார் என்று கேட்டால், அடியேன்தான். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனை எடுத்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது, அழுகைதான் வருகிறது; அதனால் இதை இன்றைய பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நைதா சாயங்காலங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு தேவாலயங்களைக் காட்டும் வேலை பார்க்கிறாள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவள் என்னிடம் சொன்னது அப்படி. மாப்பிள்ளைப் பையன் வில்பெரின் தகப்பனார் டோன் அபெலார்தோவிடமும் அப்படியே சொன்னேன். அவர் கம்பளி வியாபாரி, கறாரான மனுஷர், பூசைக்குத் தவிர வேறெதற்கும் தொப்பியைக் கழற்றாதவர். "தேவாலய வேலையா, ரொம்ப நல்லது. எங்க பையனும் எஞ்ஜினியர் ஆபீசுல அளவெடுக்கிற வேலைதான். ரெண்டும் மரியாதையான வேலை" என்று தலையாட்டினார். இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டு குமெர்சிந்தா, துணி உலர்த்துகிற சாக்கில் என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரே, உங்க பொண்ணு பொழுது சாஞ்சா ஒரு கும்பலைக் கூட்டிக்கிட்டு மாடி மாடியா ஏறுறாளாமே, ஒவ்வொரு மாடியிலயும் ஒவ்வொரு டம்ளராமே" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நேற்று நைதாவிடம், நானும் வருகிறேன், தேவாலயம் பார்த்து நாளாயிற்று என்றேன். "வாங்கப்பா. ஆனா நெறையப் படி ஏறணும்" என்றாள். மணிக்கூண்டு ஏறப்போகிறோம் என்று நினைத்தேன், மடையன்.

பெரிய சதுக்கத்து நீரூற்றுப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கூடியிருந்தார்கள். நைதா ஆரஞ்சுக் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடந்தாள், மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தாள், மூன்று மாடி ஏறினாள், நாங்களும் ஏறினோம், மேலே மொட்டைமாடியில் போய்ப் பார்த்தால் மச்சான், சோபா! கணப்பு! பாட்டு! எங்கு பார்த்தாலும் டம்ளர்! அந்தப் பக்கம் ஒருத்தன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கலகலவென்று குலுக்கிக்கொண்டிருந்தான்.

"நைதா, இது எந்தத் தேவாலயம்?"

"அதோ, நேரெதிர்ல. மேலேர்ந்து பாத்தாத்தாம்பா அதோட அழகு தெரியும்."

"அப்போ எல்லார் கையிலயும் என்னடி இது?"

"பாக்கும்போது தொண்டை காயக்கூடாதுல்ல?"

இவள் நான் பெற்ற பெண்தானா என்று திகைத்து நிற்கும்போதே அவள் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எந்தக் கல் இன்கா காலத்தது, எந்தச் சுவர் நிலநடுக்கத்தில் விழுந்து எழுந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். உள்ளதைச் சொல்கிறேன், பிரமாதமாகச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆயுள் முழுக்க இதே சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எனக்கு ஒருத்தனும் ஒருநாளும் கை தட்டியதில்லை. வயிறு எரிந்தது, நெஞ்சு பூரித்தது, இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் மனுஷன் என்ன செய்வான்? யாரோ பிஸ்கோ சாராயம் நிரம்பிய டம்ளரை என் கையில் திணித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இங்கேதான் விதி. ஆகஸ்ட் மாதம், மச்சான். பூமித்தாய் வாயைத் திறந்து பசியோடு காத்திருக்கும் மாதம். முதல் வாயை அவளுக்கு ஊற்றாமல் நம்மில் யாராவது குடித்ததுண்டா? ஊற்றலாம் என்று குனிந்தால் தரையெல்லாம் வழவழவென்று டைல்ஸ். டைல்ஸில் ஊற்றினால் அது துடைக்கிறவளுக்குப் போகுமே தவிர பூமித்தாய்க்கா போகும்? மூலையில் பூந்தொட்டி இருந்தது, தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் செடி. வேறு வழி தெரியாமல் கைப்பிடிச் சுவரண்டை போய், தொப்பியைக் கழற்றி, "தாயே, நைதா கல்யாணம் எந்த விக்கினமும் இல்லாமல் நடக்கணும்" என்று மனசாரக் கும்பிட்டு, இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு வாய்தானா கொடுப்பது என்று வெட்கப்பட்டு, பாதி டம்ளரையும் கீழே சாய்த்துவிட்டேன்.

"எவன்டா அவன்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கேட்ட குரலாக இருந்தது. அப்புறம் படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. வந்து நின்றவர் டோன் அபெலார்தோ. ஞாயிற்றுக்கிழமைக்குப் பூச்செண்டு சொல்லிவிட்டுப் போகத்தான் ஊருக்கு வந்தாராம். தொப்பி விளிம்பிலிருந்து பிஸ்கோ நுரை மீசைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"இலாரியோ? நீரா?" என்றவர், குடையும் கையுமாக நின்ற நைதாவைப் பார்த்தார். "ஓ, இதுதான் அந்தத் தேவாலயமா?"

அந்த நேரம் பார்த்துக் குலுக்கல் சத்தம் நின்றது. குலுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான். வில்பெர்! மாப்பிள்ளை வில்பெர், மச்சான்! இடுப்பில் ஏப்ரன், கையில் எலுமிச்சம்பழம்.

"எஞ்ஜினியர் ஆபீசுல அளவெடுக்கிறேன்னியேடா!" என்று தகப்பன் அலறினார்.

"அளவெடுக்கத்தாம்பா செய்றேன். மூணு பங்கு பிஸ்கோ, ஒரு பங்கு எலுமிச்சை, ஒரு பங்கு சர்க்கரைப்பாகு. கொஞ்சம் தப்பினாலும் கெட்டுப்போகும்."

அவ்வளவுதான், பெரியவர்கள் இருவரும் குடுமிப்பிடிச் சண்டையில் இறங்கிவிட்டோம். "உம்ம பொண்ணுதான்யா ஆள் புடிச்சு ஏத்திவிடுறா!" "உம்ம பையன்தான்யா ஊத்திக் கவுக்கிறான்!" "எங்க பரம்பரையில ஒருத்தனும் தொட்டதில்லை!" "அப்போ போன திருவிழாவுல டிரம்ஸ்காரன் மேல போய் விழுந்தது யாரு, உம்ம தொப்பியா?" "இந்தச் சம்பந்தமே வேணாம், போய்யா!" "யாருக்கு வேணும் உம்ம சம்பந்தம்!" வெள்ளைக்காரர்கள் இதுவும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள். எனக்கு, மச்சான், முதன்முதலாக.

திடீரென்று அவர் வாயை மூடினார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மோந்து பார்த்தார். "இது சும்மா கொட்டினதா, பூமித்தாய்க்கு ஊத்தினதா?"

"ஊத்தினதுதான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அட பாவி மனுஷா! ஆகஸ்ட்ல அவளுக்குப் போகவேண்டியது என் தலையில நிக்குதே! இனிமே அவ என்னையில்ல புடிச்சுக் கேப்பா!"

விழுந்தடித்துக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கினோம், வெள்ளைக்காரர்கள் டம்ளரோடு பின்னால் வந்தார்கள். தெருவில் பார்த்தால் எங்கும் கல். இன்காக்கள் அடுக்கிய கல், ஸ்பானியர் பதித்த கல், நகராட்சி ஒட்டிய கல், ஊசி நுனியளவு மண் கிடையாது. "வாங்க, எனக்குத் தெரியும்" என்று நைதா குடையைத் தூக்கிக்கொண்டு கன்னியர் மடத்துச் சுவரோரம் நின்ற ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மண் இருந்தது. அவர் தொப்பியைப் பிழிந்தார். கெட்டிக் கம்பளி, ஒரு சொட்டு வரவில்லை. "வேடிக்கையா பாக்கிறீர்? ஒரு பக்கம் புடியும்!" என்றார். நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்து முறுக்கினோம், வடிந்தது. சட்டைப் பையிலிருந்து மூன்று கோகா இலை எடுத்து வைத்து மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். அப்புறம் அந்தத் தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டு, என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், "வாடா" என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நைதா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. என்ன வேண்டிக்கொண்டு ஊற்றினேன் என்று அவளிடம் சொன்னேன். "எது கெடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டீங்களோ, அதையே கெடுத்துட்டீங்களேப்பா" என்று மட்டும் சொன்னாள். அவனும் அவளும் அந்த மாடியில்தான் பழகினார்களாம். எர்லிண்டா, "ஒரு டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்கிறாள். தெரியவில்லையே, என்ன செய்வேன்? என் பெண்ணின் வாழ்க்கையை நானே மாடியிலிருந்து கொட்டிவிட்டேன். இனி எந்த மாடியும் ஏறமாட்டேன், அந்த மனுஷன் முகத்தில் விழிக்கவும் மாட்டேன், இது சத்தியம். தாங்கள் பிரயாணத்தை நிறுத்திவிடவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் உரித்தாகட்டும், மிச்சமிருந்தால் எனக்கும் கொஞ்சம் அனுப்பவும்.

தங்கள் துர்ப்பாக்கிய மைத்துனன்,
இலாரியோ மாமானி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் டோன் அபெலார்தோ. சட்டமாக உள்ளே வந்து உட்கார்ந்தார். "ராத்திரி பூரா யோசிச்சேன்யா. ரெண்டு வீட்டுக்காரனும் ஒரே தொப்பியைப் புடிச்சு முறுக்கி அவளுக்கு ஊத்தியிருக்கோம். அவளும் குடிச்சுட்டா. கல்யாணம் நடக்கணும்னு நீர் வேண்டிக்கிட்டு ஊத்தினதாமே, பொண்ணு என் பையன்கிட்ட சொல்லியிருக்கா. வாங்கிக் குடிச்சவகிட்டப் போய் இப்ப இல்லேன்னு சொல்ல நீரு யாரு, நான் யாரு?" என்றார். நைதா ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு முன்னால் அவரை! ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும், கோட்டை இஸ்திரி போடவும். பெண் கேட்பது அந்த மொட்டைமாடியில்தான் நடக்கும், அவர் பிடிவாதம். இன்னொன்று. எங்கள் சண்டைதான் சுற்றுலாவிலேயே சிறப்பு என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிப் போனார்களாம், வாராவாரம் நாங்கள் இருவரும் வந்து சண்டை போடவேண்டும் என்று இந்தச் சுற்றுலாவை நடத்தும் நைதாவின் முதலாளியம்மா கேட்கிறாள். ஒப்புக்கொண்டுவிட்டோம். இப்போது ஒத்திகை பார்க்கிறோம், சண்டை வரமாட்டேன் என்கிறது. அவர் "உம்ம பொண்ணு" என்று ஆரம்பித்து "தங்கம்யா" என்று முடிக்கிறார். நான் "உம்ம பையன்" என்று கையை ஓங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. ஆகையால் மச்சான், என்னிடம் உங்களுக்குப் பிடிக்காததையெல்லாம், எர்லிண்டாவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மனசுக்குள் சேர்த்து வைத்திருப்பீர்களே, அதை ஒன்று விடாமல் யோசித்துக்கொண்டு வந்து சம்பந்திக்குச் சொல்லிக்கொடுக்கவும்.