நாற்பத்தோராவது உரசல்

கோவில்பட்டியில் உரசல் அண்ணாச்சியிடம் ஐம்பது தடவை சோதனைக்கு ஆளாகாமல் தப்பித்த பொருள் என்று எதுவுமே கிடையாது. சாமியாவது தப்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கழுகுமலைக் கோயிலில் அவர் சன்னதி மணியை விரல்விட்டு எண்ணிக்கொண்டே அடிப்பதைப் பார்த்தேன். நல்லவேளை, பதினேழிலேயே அர்ச்சகர் கையைப் பிடித்துவிட்டார்.

அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உரசல் அண்ணாச்சி. எங்கள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி சோதிப்பதுதான் அவர் வேலை. பண்டல் கட்டுவதற்கு முன்னால் ஒரு பெட்டியை உருவி, அதில் இருக்கும் ஐம்பது குச்சியையும் ஒவ்வொன்றாக உரசுவார். நாற்பத்தெட்டு பிடித்தால் லாரி கிளம்பும். ஒன்று குறைந்தாலும் குச்சி முனைக்கு மருந்து கலந்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ உலகத்தையே ஒரு பெரிய தீப்பெட்டியாக நினைத்துவிட்டார். குடை வாங்கப் போனால் கடையிலேயே ஐம்பது தடவை விரித்து மடக்குவார். ஒரு முறை நாற்பத்து மூன்றாவது விரிப்பில் கம்பி போய்க் கடைக்காரர் மூக்கைப் பதம் பார்த்தது. அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனுக்குச் சொந்தமாக ஸ்கூட்டர் இருக்கிறது என்று சொன்னார்கள். அண்ணாச்சி பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஐம்பது தடவை மிதித்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். திரும்பி வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வண்டி நல்ல வண்டிதான்லே," என்றார் எங்களிடம். "வேர்க்க விறுவிறுக்க அம்பது மிதி மிதிக்கேன். அந்தப் பய ஒரு தடவை எந்திரிச்சு வந்து எட்டிப் பாக்கலயே."

இந்தக் கிறுக்கு எங்கள் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆபீசுக்கு விளக்குமாறு வாங்கினால்கூட "உரசல் பாத்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே விடுவார். எது வாங்கினாலும் அண்ணாச்சி சொல்வதுதான் முடிவு என்று ஆனது. இருபது வருஷமாக அண்ணாச்சி அந்தப் பெருமையில்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் முதலாளிக்கு லேபிள் படங்களைச் சொந்தமாகவே வடிவமைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. டிசைன் செக்‌ஷன் தொடங்கினார். செக்‌ஷன் என்றால் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு அறை, ஒரு ஏசி, ஒரு நான். ஆறு மாதக் கோர்ஸ் படித்திருந்தேன். அந்த வேலையைச் சொல்லித்தான் கழுகுமலையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'கம்ப்யூட்டர் டிசைனர்' என்று அச்சடித்துக் கொடுத்தும் முடித்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

முதலாளிக்கு எது வாங்கினாலும் எதிர்த்த ஆபீஸ்காரர் வயிறெரிய வேண்டும். அதனால் கிடைப்பதிலேயே உசத்தியான கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றார். அப்போது கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லும் பிராசசரில் உச்சாணிக் கொம்பில் இருந்தவை இரண்டு. பென்டியம் ஃபோர் ரகத்தில் ஒன்று, அத்லான் 64 ரகத்தில் ஒன்று. மதுரை டீலர் பென்டியம் பெட்டியையும் திருநெல்வேலி டீலர் அத்லான் பெட்டியையும் கொண்டுவந்து, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று இறக்கிவிட்டுப் போனார்கள்.

முதலாளி அறை வாசலில் நின்று சொன்னார். "ரெண்டும் அடுத்தவன் சாமான். எவனாச்சும் நோண்டிக் கெடுத்தீங்கன்னா அன்னைக்கே வீட்டைப் பாத்துப் போயிர வேண்டியதுதான்." சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

நான் அத்லான் கட்சி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் என்றாலே பென்டியம் என்று டீக்கடை வரைக்கும் சொல்லும் ஊரில், அத்லான் என்று சொல்பவன்தானே ஞானி! மதுரையிலிருந்து வாங்கி வந்த ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையை மூன்று தடவை படித்துவிட்டு, அதில் இருந்ததை என் சொந்த அபிப்பிராயமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணாச்சியிடமும் சொன்னேன்.

"அதெப்படிலே?" என்றார். "ஒண்ணுல மூணு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல ரெண்டு புள்ளி ரெண்டுதான். கூடுனதை விட்டுட்டுக் கொறஞ்சதைத் தூக்கி வச்சுப் பேசுதியே?"

"அது சுத்துத வேகம் அண்ணாச்சி. பென்டியம் வேகமாச் சுத்தும். அத்லான் மெதுவாத்தான் சுத்தும். ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் கூட வேலை பாக்கும்."

அண்ணாச்சி சட்டென்று பிடித்துக்கொண்டார். "நம்ம பாக்கிங் மாரியம்மா மாதிரின்னு சொல்லு. கை மெதுவாத்தான் போகும். ஆனா ஒரு அள்ளுக்கு அம்பது குச்சி அச்சா வந்திரும். பக்கத்துல இருக்கவ படபடன்னு அள்ளுவா, பாதி தடவை திரும்ப எண்ணணும்."

ஆறு மாதக் கோர்ஸில் எனக்கு இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ள மனசு வராமல், "ஏறக்குறைய அப்படித்தான்" என்றேன்.

முதலில் என் முறைப்படி ஒரு சோதனை வைத்தேன். பெரிய லேபிள் படம் ஒன்றை இரண்டு பெட்டியிலும் போட்டு, மங்கலாக்கி, திருப்பி, நிறம் மாற்றிப் பார்த்தேன். ஒரு வேலையில் இது முந்தியது, இன்னொரு வேலையில் அது முந்தியது. அண்ணாச்சி ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வெளையாண்டது போதும், தள்ளு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

பிறகு நடந்ததை எந்தக் கம்ப்யூட்டர் பத்திரிகையும் எழுதவில்லை. அண்ணாச்சி ஒரு கையால் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினார். அதே நொடியில் மறு கையால் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தினார். கடிகாரத்தை அவர் நம்பமாட்டார், குச்சியை நம்புவார். குச்சி நகம் வரை எரிந்து வந்ததும் அதிலேயே அடுத்ததைப் பற்றவைத்தார். திரை முழுசாக வந்தபோது மூன்று குச்சி தீர்ந்திருந்தது. நோட்டில் குறித்தார். அணைத்தார். மறுபடியும் போட்டார். இப்படி ஐம்பது தடவை!

ஏசி அறை முழுக்கக் கருகிய வாடை. நடுவில் மதுரை டீலர் போன் செய்து, "சார், பெர்ஃபார்மன்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மூணு குச்சி ஆவுது," என்றார் அண்ணாச்சி. டீலர் ராங் நம்பர் என்று போனை வைத்துவிட்டார்.

பென்டியம் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிவிட்டது. மறுநாள் அத்லான். அதுவும் மூன்று குச்சிதான் வாங்கியது. நாற்பது தடவை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டும் சமம் என்று வந்தால் முதலாளி ஊரே சொல்லும் பென்டியத்தைத்தான் வாங்குவார். இத்தனை நாள் நான் பேசிய பேச்செல்லாம் வீண்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கரண்ட் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பாகச் சின்னதாய் ஒரு சுவிட்ச் இருந்தது. அதில் 230 என்று தெரிந்தது. நகத்தால் தள்ளினேன், 115 என்று வந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் வேகத்தைக் கூட்ட ஒரு பொத்தான் இருந்ததாகக் கோர்ஸில் சொன்ன ஞாபகம். எண் பாதியாகிவிட்டதால் நேரமும் பாதியாகும், மூன்று குச்சி ஒன்றரைக் குச்சியாகும் என்று கணக்குப் போட்டேன். அத்லான் கட்சி ஜெயிக்கப் போகிறது என்று பெட்டியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்துகொண்டேன். அது நம் வீட்டுக் கரண்டுக்கும் வெளிநாட்டுக் கரண்டுக்கும் மாற்றுகிற சுவிட்ச் என்பதும், நம் ஊரில் அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதும் இன்னும் இரண்டு நிமிடத்தில் எனக்குத் தெரிய இருந்தது.

அண்ணாச்சி வந்தார். குச்சியைக் கொளுத்தினார். நாற்பத்தோராவது தடவையாகப் பொத்தானை அமுக்கினார்.

டமார்!

தீப்பெட்டி ஆபீசில் இந்தச் சத்தம் கேட்டால் என்ன ஏது என்று கேட்க யாரும் நிற்கமாட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பாக்கிங் செய்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நடுரோட்டில் நின்றார்கள். கழுகுமலை பஸ் ஒன்று அவர்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி நின்றது. அறைக்குள் ஒரே புகை.

அண்ணாச்சி மெயின் சுவிட்சை அணைத்தார். குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். அந்த இரண்டு நாளில் அவர் அந்தப் பெட்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்திருந்தவர். சிவப்பு சுவிட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். மெதுவாகக் கட்டைவிரல் நகத்தால் அதை 230க்கே தள்ளிவிட்டார். அப்போதுதான் முதலாளி ஓடிவந்தார்.

"யாரு பாத்த வேல இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தான் மொதலாளி," என்றார் அண்ணாச்சி. "நாப்பத்தோராவது தடவை போட்டேன். போயிருச்சு."

"அம்பது தடவை போட்டு அமத்துனா இரும்பே போயிரும்வே! வயசான மனுசன்னு வீட்டுக்கு அனுப்பாம விடுதேன். இனிமே இந்த ஆபீஸ்ல ஒரு சாமானையும் நீரு சோதிக்க வேண்டாம். குச்சியோட நிறுத்திக்கிடும்."

ரோட்டில் நின்ற பெண்கள் எல்லாரும் வாசலில் கூடி அதைக் கேட்டார்கள். அண்ணாச்சி நோட்டை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் இறங்கி, பழைய சோதனை அறைக்குப் போனார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. அவரைக் கிறுக்கர் என்று கேலி பேசிய வாய் இது.

மறுநாள் டீக்கடையில் அவரைப் பிடித்தேன். "அண்ணாச்சி, அது நான்..."

"தெரியும்லே. டீயைக் குடி."

"மொதலாளிட்டச் சொல்லிருதேன்."

"சொல்லி? பொண்ணு வீட்டுக்காரவியகிட்ட யாரு சொல்லுவா? எனக்கு என்ன, குச்சி கெடக்கு. நீ எங்கன போவ?" என்றவர், நோட்டை விரித்துக் காட்டினார். பென்டியம் ஐம்பதுக்கு ஐம்பது. அத்லானுக்கு நேராக, 'நாற்பதுக்கு நாற்பது. மீதி உரசவில்லை' என்று எழுதியிருந்தது. "பாவம், அதைக் குத்தம் சொல்லக் கூடாது பாத்துக்க. நனைஞ்ச பொட்டில ஒரசுனா குச்சி என்ன செய்யும்?"

முதலாளி பென்டியத்தை வாங்கினார். அதிலேதான் அடுத்த ஏழு வருஷம் லேபிளுக்கு மயிலும் சிங்கமும் செய்து தள்ளினேன். அண்ணாச்சியின் சோதனை இல்லாமல் முதலாளி அடுத்து வாங்கிய ஜெனரேட்டர், பூஜை போட்ட அன்றைக்கு மட்டும் ஓடியது.

என் கல்யாணத்துக்கு அண்ணாச்சி ஒரு கேஸ் லைட்டர் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பெட்டி ஆபீஸ்காரர் லைட்டர் கொடுப்பதைப் பார்த்து மண்டபமே சிரித்தது. "அம்பது தடவை அடிச்சுப் பாத்துட்டேன்மா, தைரியமா வச்சுக்க," என்றார் மணப்பெண்ணிடம். அவள் என்னைக் கண்ணால் காட்டி, "இவியளை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் பாக்க வேண்டாம், பிடிச்சிரும்," என்றுவிட்டு அவர் பந்திக்குப் போய்விட்டார்.

வாழ்நாளில் அவர் சோதிக்காமல் பாஸ் போட்டது என்னை மட்டும்தான். அவர் கணிப்பு தப்பாகிவிடக் கூடாதே என்றுதான் இன்றைக்கு வரைக்கும் கொஞ்சம் ஒழுங்காக இருந்து பார்க்கிறேன்.